தலைமை உபாத்தியாயினிக்கு லீவு

அன்று துணிக்கடையின் பின்கட்டில் கூடியிருந்தவர்கள் நான்கு பேர். எங்கள் பாடசாலையின் மேனேஜரான துணிக்கடை முதலாளி, கமிட்டியில் இருந்த அரிசிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், அப்புறம் நான். அவர்கள் மூவரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பூப்போட்ட சீத்தைத்துணிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வராதவர் ஒருவர்தான். யாரைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடினோமோ அவர். பாடசாலையின் தலைமை உபாத்தியாயினி. என் மனைவி.

மாதமாயிருக்கும் பெண் ஆண்கள் கூடிய இடத்துக்கு வந்து பேசுவது அழகில்லை என்று மேனேஜர் சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் உதவி வாத்தியாரான நான், அவளுடைய கோரிக்கையை அவளுக்காகச் சொல்லப் போயிருந்தேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"லீவா?" என்றார் அரிசிக்கடைக்காரர். "பிள்ளை பெத்துக்கறதுக்கு லீவு எதுக்கு வாத்தியாரே? வேலைய விட்டுட்டு நிம்மதியா பெத்துக்க வேண்டியதுதான."

"திரும்பி வர்றதுக்குங்க," என்றேன்.

"யாரு திரும்பி வர்றது?"

"அவங்கதாங்க. ரெண்டு மாசம் கழிச்சு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதுளையில் அதுவரை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் டீச்சர்மார் தாய் வீட்டுக்குப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மறு வாரமே வேறொருவர் அந்த இடத்தில் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். என் மனைவி இதையெல்லாம் அறிந்தவள். அறிந்துதான் கேட்டாள்.

அவள் எப்படித் தலைமை உபாத்தியாயினி ஆனாள், நான் எப்படி அவளுக்குக் கீழே ஆனேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆஸ்பத்திரி ஆர்டலியின் மகள். பதுளையில் மிஷன்காரர்களின் விடுதியில் தங்கிப் படித்து, முறையாகப் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட் வாங்கியவள். நான் தெமோதரைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். என் வீட்டில் எனக்கு முன் எழுத்துக் கற்றவர் எவருமில்லை. தட்டுத்தடுமாறி ஒரு பரீட்சை எழுதி உதவி வாத்தியார் ஆனதே எங்கள் லயத்தில் பெரிய பேச்சாக இருந்தது. ஆகவே அவள் தலைமை, நான் உதவி. இதில் எங்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. கடைவீதிக்குத்தான் சங்கடம். "பொஞ்சாதி மணியடிச்சா புருசன் ஓடியாறான்" என்று வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். உண்மைதான், ஓடித்தான் போவேன். மணியடித்தபின் வருபவர்களை அவள் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவாள். அதில் புருஷன் என்ற சலுகை கிடையாது.

அவள் வருமுன் அந்தப் பாடசாலையில் பெண்பிள்ளைகள் ஒரு பெஞ்சுக்குக்கூடத் தேறமாட்டார்கள். அவள்தான் ஒவ்வொரு கடையின் பின்வாசலுக்கும் போய் நின்று, அடுப்படியில் இருந்த பெண்களோடு பேசி, பிள்ளைகளை அழைத்து வந்தாள். 'பொம்பளை வாத்தியார்தான் பெரியவங்க, பயப்படாதீங்க' என்பதே அவள் சொன்ன ஒரே சமாதானம். அந்த வார்த்தையை நம்பி முதலாளிமாரின் மகள்களும் கங்காணிமாரின் மகள்களும் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் இரவு அவள் என்னிடம் சொன்னாள்: "நான் எந்திரிச்சிப் போனா அவ்வளவுதான். வேற எந்த ஊர்ல எவன் ஒரு பொம்பளையப் பெரியவளா வச்சுப் பள்ளிக்கூடம் நடத்தப்போறான்? இது போச்சுன்னா எனக்கு இனி இது இல்லைங்க."

அதை நினைத்துக்கொண்டுதான் துணிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மேனேஜர் கெட்ட மனிதர் அல்லர். பாடசாலைக்கு ஓடு போட்டவர் அவர், பெஞ்சு செய்து கொடுத்தவர் அவர். வெற்றிலையை மென்றபடி நிறைய நேரம் யோசித்தார். பிறகு, "லீவு தரலாம். சம்பளம் தரமாட்டேன்," என்றார். "அவங்க வேலைய வேற யாரு பாத்தாலும் அந்தக் கூலி ஒங்க கைக்காசு. சம்மதமா?"

"சம்மதங்க."

"இன்னொண்ணு. நாற்காலி ஆடக்கூடாது. நாற்காலி ஆடுச்சுன்னா நான் வேற ஆளப் பாப்பேன். சொல்லிட்டேன்."

அவர் சொன்ன நாற்காலி உண்மையிலேயே இருந்தது. பாடசாலையின் நடுவறையில், சரஸ்வதி படத்துக்குக் கீழே, கைவைத்த தேக்கு நாற்காலி. அதில் தலைமை உபாத்தியாயினியைத் தவிர யாரும் உட்காருவதில்லை. ஆடக்கூடாது என்றால் அது பத்திரமாக இருக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் புரிதலில்தான் எல்லாம் கோணலாகிப் போனது.

லீவு தொடங்கிய அன்று என் அக்கா தெமோதரையிலிருந்து வந்து சேர்ந்தாள். கொழுந்து பறிப்பவள். பாடசாலை வளவிலேயே பின்பக்கம் எங்களுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு அறை வீட்டுக்குள் மூட்டையை வைத்துவிட்டு, என் மனைவியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னா டீச்சர் புள்ள, பள்ளிக்கூடத்தையே முழுங்கினாப்புல நிக்கற?"

"இன்னும் கொஞ்ச நாள்ல துப்பிருவேன் மதினி," என்றாள் இவள்.

அக்காவின் வேலை போய்விடுமோ என்று எனக்குக் கவலை. கேட்டேன். அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என் நிரை எங்கடா போவப்போவுது? ரெண்டு பக்கத்துக்காரிகளும் பாத்துக்குவாளுக. நீ லயத்துலதான பொறந்த?"

அவள் சொன்னதும்தான் எனக்குச் சிறுவயது ஞாபகம் வந்தது. தேயிலை மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு. இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே அவள் நடந்து பறிக்கும் பாதை. ஒருத்தி பிள்ளை பெற்றுக் கிடந்தால், வலப்பக்கத்துக்காரியும் இடப்பக்கத்துக்காரியும் தங்கள் நிரையில் நின்றபடியே கையை நீட்டி அவள் செடியிலும் பறித்துக்கொண்டே போவார்கள். அவள் பாதையில் மட்டும் எவரும் கால் வைக்கமாட்டார்கள். செடியும் முற்றாது, கங்காணிக்கும் வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தத் தோன்றாது. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு அவள் திரும்பி வரும் நாளில், பாதை அவளுக்காக வெறுமையாய்க் கிடக்கும். கூடையோடு வந்து நடக்க வேண்டியதுதான்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாளே தையல் டீச்சரிடம் பேசினேன். எங்களோடு வேலை பார்த்த மூன்றாவது ஆள் அந்தப் பெண் மட்டுமே. மேல்வகுப்புக் கணக்கு எனக்கு, வாசிப்பும் மணியடிப்பதும் அவளுக்கு என்று பெரிய டீச்சரின் வேலையை இரண்டாகப் பங்கிட்டோம். நாற்காலியில் இருவரும் உட்காருவதில்லை என்று முடிவு செய்தோம். என் மனைவியின் கறுப்புக் குடையை எடுத்து நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே வைத்தேன். காலையில் படத்துக்கு விளக்கேற்றும்போது குடையையும் ஒருமுறை துடைத்து வைப்பேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது நாற்காலியைச் சுற்றித்தான் போவார்கள். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

மகள் ஒரு மாலையில் பிறந்தாள். ரயில் அப்போது தெமோதரை வரைக்கும்தான் வந்திருந்தது. பதுளைக்குப் பாதை போட மலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளியே நின்ற எனக்குத் தூக்கிப்போட்டது. உள்ளேயிருந்து வந்த அழுகைச் சத்தம் எல்லா வெடியையும் மிஞ்சிவிட்டது. அக்கா கதவைத் திறந்து, "மணியடிச்சிட்டாடா மகராசி. ஒன்னைய உள்ள கூப்புடுறா," என்றாள்.

பிள்ளை பிறந்து சில நாள் கழித்து மேனேஜர் பாடசாலையைப் பார்க்க வந்தார். சரஸ்வதிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர் அப்படியே கண்ணைத் தாழ்த்தி நாற்காலியைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார். சாயந்தரம் கடைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

போனபோது அவர் சாப்பிட எழுந்திருக்கும் நேரம். கடைக்காரர்களின் ஒரு வழக்கத்தை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். பணப்பெட்டிக்கு முன்னால் இருக்கும் மெத்தையிலிருந்து அவர் பாதி எழுந்திருக்கும்போதே அவருடைய மைத்துனர் அதில் பாதி உட்கார்ந்துவிட்டார். ஒரு நொடிகூட அந்த இடம் வெறுமையாக இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். "கல்லாவுல சூடு ஆறக்கூடாது. ஆறுனா கடை படுத்துருச்சுன்னு அர்த்தம். எங்கப்பா செத்த அன்னைக்கும் இதுல ஆள் உக்காந்திருந்துச்சு. நான் அவ்வளவு சொல்லியும் நீங்க நாற்காலிக்குக் குடை பிடிச்சு வச்சிருக்கீங்க."

"அது அவங்க நிரைங்க," என்றேன்.

"என்னது?"

நான் விளக்கினேன். கொழுந்து, பாதை, இரண்டு பக்கத்துக்காரிகள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி, இது தோட்டமில்ல, டவுன்," என்றார். "ஒரு தலைவலி எனக்கு எதுக்கு? நீங்களே உக்காருங்க. நிரந்தரமா. அவங்க சம்பளத்த ஒங்களுக்கே போடுறேன். காசு எங்க போவுது, ஒரே வீட்டு அடுப்புக்குத்தான போவுது?"

என் அப்பா உயிரோடிருந்து அதைக் கேட்டிருந்தால் கடைவாசலிலேயே விழுந்து கும்பிட்டிருப்பார். லயத்துப் பையன் டவுன் பாடசாலைக்குப் பெரியவன். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது என் மனைவி அடுப்படி வாசல்களில் நின்று சொன்ன சமாதானம்தான்.

"நான் உக்காந்தா பொம்பளைப் புள்ளைங்க வராதுங்க," என்றேன். "பொம்பளைதான் பெரியவங்கன்னு சொல்லித்தான அனுப்பச் சொன்னோம்."

"வரும், வரும். பழகிரும்."

"நான் உக்காரலைங்க முதலாளி."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. பணப்பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னார். கல்வி இலாகாவின் இன்ஸ்பெக்டர் பாடசாலையைப் பரிசோதிக்க வருகிறார். அடுத்த வருஷத்து உதவிப் பணம் அவர் சொல்லில்தான் இருக்கிறது. "அன்னைக்கு அந்த நாற்காலியில யார் உக்காந்திருக்காங்களோ அவங்கதான் ஹெட்டுன்னு சொல்லிருவேன். நீங்களோ, ஒங்க வீட்டு அம்மாவோ. ரெண்டு பேரும் இல்லைன்னா யாழ்ப்பாணத்துலருந்து ஒரு ஆள் வர்றேன்னு காத்துக்கிட்டிருக்காரு."

"அவங்களே வந்துருவாங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் தீட்டுக் கழிந்திருக்காது. பிள்ளை பெற்ற தீட்டோடு சரஸ்வதி படம் இருக்கும் அறைக்குள் அவள் வர முடியாது. அந்த விஷயத்தில் ஊரிலேயே கறாரானவர் அந்த மேனேஜர்தான். அவரே வா என்கிறார், அவரே வரக்கூடாது என்கிறார்.

வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நிரைன்னா சொன்னீங்க? அந்த மனுசனுக்குப் புரிஞ்சிருக்காதே."

"புரியல."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பாடசாலையின் ஓட்டுக்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு முற்றம்தான். அவள் அவ்வளவு நாளும் மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எந்தப் பிள்ளை எந்த வாய்ப்பாட்டில் இடறுகிறது என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது அந்த முற்றத்தைத் தாண்ட வழியில்லை.

நான் நாற்காலியை மறுத்த செய்தி கடைவீதியில் தலைகீழாகப் பரவியது. வாத்தியார்தான் இனிப் பெரியவர் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டொரு நாளில் மேல்வகுப்புப் பெஞ்சில் இடைவெளி விழுந்தது. வளர்ந்த பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். தையல் டீச்சர் வந்து வருத்தத்தோடு சொன்னாள். மேனேஜரின் மகள்கூட வரவில்லை என்றாள்.

அதற்கு மறுநாள் மேனேஜரின் மனைவி பிள்ளையைப் பார்க்க வந்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய மருந்தைப் பித்தளைத் தூக்கில் கொண்டு வந்திருந்தார். தீட்டு வீடு என்பதால் உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"மூக்கு டீச்சரம்மாவுக்கு. நெறம் வாத்தியாருக்கு. பாவம்," என்றார்.

"நெறத்துல என்னாங்க, வாயி அவுங்க அம்மா வாயி," என்றாள் அக்கா. "பொழைச்சுக்கும்."

என் மனைவி அறைக்குள்ளிருந்து கேட்டாள்: "அம்மா, மகளை ஏன் அனுப்பல?"

"அவங்கப்பா அனுப்ப வேணாம்னுட்டாரு. ஆம்பளை ஹெட்டா வந்தா வயசுப் புள்ளைய எப்பிடி அனுப்புறதுங்கறாரு."

"அந்த ஆம்பளையப் போடுறதே அவருதானம்மா."

அந்த அம்மாள் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு கடையில நாலு கணக்க ஒரே நேரத்துல போடுவாரு. வீட்டு விசயத்துல ஒண்ணுகூட ஒதவாது," என்றார். "ஊர்லருந்து எங்கம்மா போடுற காயிதத்த எம் மவதான் எனக்குப் படிச்சுக் காட்டுது. அது பாதியில நின்னா நான் எங்க போறது? நீ வந்து உக்காரு தாயி. என்னா தடை?"

"படம் இருக்குல்லம்மா."

"ஆமா, படம் இருக்கு."

"நான்தான் உள்ள போகக்கூடாது. படம் வெளிய போகலாம்ல? ஒரு நாளைக்கு?"

அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அதான. ஒனக்கு ரெண்டு மாசம் லீவு குடுத்தாங்க. சாமிக்கு ஒரு நாள் குடுக்கக்கூடாதா?" என்றாள்.

மேனேஜரின் மனைவி எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "கடையில லச்சுமி படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி சும்மாதான் கெடக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் மேனேஜரின் மகள் பாடசாலைக்கு வந்துவிட்டாள். பரிசோதனைக்கு முதல் நாள் கடையிலிருந்து இரண்டு ஆட்கள் புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். படத்துக்குச் சூடம் காட்டி, மாலை போட்டு, பட்டுத்துணியில் மூடி, மழைத் தூற்றலில் குடை பிடித்துக் கடைவீதி வழியாகச் சரஸ்வதியைக் கொண்டு போனார்கள். பிடித்தது நாற்காலியில் இருந்த அதே கறுப்புக் குடை. கையில் வேறு குடை அகப்படவில்லை. மேனேஜர் அனுப்பிய சொல் ஒன்றுதான்: படம் திரும்பி வருமுன் அறை முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாக வேண்டும்.

மறுநாள் காலை அவள் தலைமுழுகிவிட்டு, ஈரத் தலையைத் துண்டால் இறுக்கி முடித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். முற்றத்தைத் தாண்டும்போது மெதுவாகத்தான் நடந்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். "வேணாம். புள்ளைங்க பாக்குது," என்றாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மேல்வகுப்புப் பெஞ்சில் இடைவெளி இல்லை. அவள் படியேறி, நடுவறைக்குள் போய், சுவரில் படம் இருந்த இடத்தில் சதுரமாகத் தெரிந்த வெள்ளைச் சுண்ணாம்பை ஒரு கணம் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். தையல் டீச்சர் மணியடித்தாள்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தவர். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். மேனேஜர் வாசலில் நின்று வரவேற்று உள்ளே அழைத்து வந்தார். அரிசிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் பின்னாலேயே வந்தார்கள்.

"தலைமையாசிரியர் ஆர்?" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். எல்லோருமே மேனேஜரைத்தான் பார்த்தார்கள். அவர் நாற்காலியைப் பார்த்தார். வெற்றிலைச் சிவப்பேறிய உதட்டை ஒருமுறை துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"இவங்கதாங்க," என்றார். "லீவுல இருந்தாங்க. வந்துட்டாங்க."

பரிசோதனை தொடங்கியது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே வகுப்பு வகுப்பாகக் கூப்பிட்டாள். பிள்ளைகள் வாசித்தார்கள், கணக்குப் போட்டார்கள், தையல் துணிகளை விரித்துக் காட்டினார்கள். கங்காணி மகள் ஒருத்தி அப்புத்தளை எந்தத் திசையில் இருக்கிறது என்ற கேள்விக்குக் கையை நீட்டிக் காட்டி, "மழை அங்கருந்துதாங்க வரும்," என்றும் சேர்த்துச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் முகத்தில் முதல் சிரிப்பு அதற்குத்தான் வந்தது.

நாலாம் வகுப்பு நடுவில் இருந்தபோது பின்பக்கத்து வீட்டிலிருந்து மகளின் குரல் எழுந்தது. முதலில் சிணுங்கல். பிறகு கூரையைப் பிய்க்கும் சத்தம். அக்கா என்னென்னவோ பாட்டுப் பாடிப் பார்ப்பது கேட்டது. என் மனைவி அடுத்த கேள்வியைக் கேட்டாள். நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. எழுந்து போனால் நாற்காலி காலி. இவ்வளவும் செய்தது அதற்காகவா என்று நான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"பிள்ளை அழுகுதெல்லோ. உங்கட பிள்ளையோ?"

"ஆமாங்க."

"போய்ப் பாலைக் குடுத்திட்டு வாங்கோ. நான் அவசரத்தில வரேல்லை. எனக்கும் வீட்டில அஞ்சு இருக்கு."

அவள் எழுந்தாள். எங்கள் தோட்டத்தில் காலைக் கொழுந்தை எடைபோட்டதும் தாய்மார் பிள்ளைக்காம்பராவுக்குப் போவார்களே, அதே வேகமான, சத்தமில்லாத நடை. கதவைத் தாண்டிப் போனாள். நடுவறையில் நாற்காலி தனியாக நின்றது. குடையும் கடையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேனேஜரையே பார்த்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார். ஒரு காலை மாற்றி நின்றார். துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை. விடுவிடென்று போனார், வேட்டியை ஒதுக்கினார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டார்.

அரிசிக்கடைக்காரர், "என்னா அண்ணாச்சி, நீங்களா ஹெட்டு?" என்று கேட்டேவிட்டார்.

"பேசாம இருய்யா," என்றார் மேனேஜர். "அவங்க வர்ற வரைக்கும் சூடு ஆறாம பாத்துக்கறேன்."

அப்படியே, முதுகு சாயாமல், கையைக்கூட நாற்காலியின் கையில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்வீட்டில் அழுகை நின்றது. அக்காவின் பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் என் மனைவி வருவது தெரிந்தது. அவள் வாசற்படியில் கால் வைத்ததும் மேனேஜர் எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்த இடத்தை இரண்டு தட்டுத் தட்டித் துடைத்தார்.

"உக்காருங்க டீச்சரம்மா," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். "நாலாம் வகுப்பு, எங்க விட்டோம்?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் போகும்போது மேனேஜரிடம் உதவிப் பணத்துக்குத் தடையில்லை என்று சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அன்று மாலை பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தையல் டீச்சர் என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த தை மாசம் தனக்குக் கல்யாணம் என்றும், இனிப் பயமில்லை என்றும் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பாடசாலையில் டீச்சர் எவரும் பிள்ளை பிறப்பதற்காக வேலையை விட்டுப் போகவில்லை. மேனேஜரே கேட்பார்: "பக்கத்துல ரெண்டு பேரு யாரு பாத்துக்கறது?" நிரை என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்ட கேள்வி அதுதான்.

ஒரு சின்ன விஷயம் மிச்சமிருக்கிறது. படம் மறுநாள் திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சரஸ்வதி வந்த அன்று கடையில் சேலை வியாபாரம் அமோகம் என்று மைத்துனர் சொன்னாராம். மேனேஜருக்கு அனுப்ப மனம் வரவில்லை. அந்தச் சும்மா கிடந்த ஆணி அவ்வளவு பலமானது இல்லை போலிருக்கிறது. வார முடிவில் படம் துணிக்கட்டுகளின் மேல் விழுந்து கண்ணாடி உடைந்தது. சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் ஆளனுப்பினார்: படம் யாருக்காக வெளியே வந்ததோ அவர்கள்தான் கண்ணாடி போட்டுத் தர வேண்டும்.

"அநியாயமா இருக்கு," என்றேன்.

"குடுத்துருங்க," என்றாள் அவள். மகளுக்குக் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே மணியடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது. "சாமி எனக்காகத்தான வெளிய போச்சு. நான்தான் குடுக்கணும்."

புதுக் கண்ணாடி போட்டுப் படத்தை நானே சுமந்து வந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்த அறையில், அவள் நாற்காலிக்கு மேலே மாட்டினேன். லீவு முடிந்ததும் அக்கா தன் நிரைக்குத் திரும்பினாள். கூலி என்று எதையும் வாங்க மறுத்தவளுக்கு மலைக்குளிருக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தோம். அன்றிரவு என் மனைவி, தலைமை உபாத்தியாயினிக்கே உரிய குரலில், மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். இல்லாமல் போன அவள் சம்பளம் அறுபது ரூபாய், தையல் டீச்சருக்கு எட்டு, கம்பளி நான்கு, சரஸ்வதிக்குக் கண்ணாடி ஒன்றே முக்கால். எழுபத்து மூன்று ரூபாய் எழுபத்தைந்து சதம்.